பழைய விமானிகளைப் பத்தி எழுதணும்னா எங்க இருந்து ஆரம்பிக்கிறது: லாக்புக்கா (பைலட் தான் பறந்ததைப் பதிஞ்சு வைக்கற நோட்டு), கடிதமா, பேப்பர் செய்தியா, அவங்களே எழுதின புத்தகமா?

1903 டிசம்பர் 17ம் தேதி கிட்டி ஹாக் மணல்ல ரைட் சகோதரர்கள் நாலு தடவை பறந்தாங்க, அதுல நாலாவதா வில்பர் பறந்ததுதான் பெருசு, 59 செகண்ட், 852 அடி. இது ஆர்வில் தன்னோட டைரில எழுதி வச்ச கணக்கு. அதே நாள் அவங்க அப்பாவுக்கு ஒரு தந்தி போச்சு, அதுல 57 செகண்ட்னு இருக்கு, அனுப்பினவர் பேர்லகூட எழுத்து மாறித் தப்பா விழுந்திருக்கு, ஏன்னா கிட்டி ஹாக்ல இருந்து நார்ஃபோக் வழியா ஆள் மாறி ஆள் மாறி அடிச்ச தந்தி அது. மறுநாள் காலைல நார்ஃபோக்ல வந்த வர்ஜீனியன்-பைலட் பேப்பர் 3 மைல் பறந்தாங்கன்னு முதல் பக்கத்துல போட்டுடுச்சு. மிஷினுக்கு அடியில ஒரு ப்ரொப்பெல்லர் இருந்து அது மேல தூக்குச்சுன்னு வேற எழுதியிருந்தாங்க, அப்படி ஒண்ணு அந்த மிஷின்ல கிடையவே கிடையாது. 852 அடின்னா ஒரு மைல்ல ஆறுல ஒரு பங்குதான் வரும்.

ஒரே நாள், ஒரே சம்பவம், மூணு காகிதம், மூணு கணக்கு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா தந்தியும் அன்னிக்கே எழுதினதுதான், அதுவும் அவங்களே அனுப்பினதுதான், ஆனாலும் தப்பு நுழைஞ்சிருச்சு. அதனால "அந்தக் காலத்துக் காகிதம், அப்ப சரியாத்தான் இருக்கும்"னு ஒரேயடியா நம்பிட முடியாது, அது யார் கையால எழுதினது, யாருக்காக எழுதினது, எத்தனை பேர் கை மாறுச்சுன்னு பாத்துத்தான் எடை போடணும்.

பழைய விமானிகளோட வாழ்க்கை வரலாற்றைத் தமிழ்ல எழுதணும்னு ஆசைப்படறவங்க இப்ப நிறைய பேர் இருக்காங்க, ரொம்ப நல்ல விஷயம் அது. ஆனா பெரும்பாலும் எல்லாரும் ஒரே வழியிலதான் போறாங்க, அந்த விமானி எழுதின சுயசரிதை கிடைச்சா அதை எடுத்து வச்சுக்கிட்டு அப்படியே தமிழ்ல சுருக்கி எழுதிடறது. கையில ஒரே புத்தகம், கதையும் ரெடி, நடையும் விறுவிறுப்பா இருக்கும், ஏன் வேற வழி தேடணும்னு தோணும். நான் சொல்ல வர்றது அந்தப் புத்தகத்தை கடைசியில படிங்க, முதல்ல படிக்காதீங்க. ஏன்னு ஒவ்வொரு வழியா வச்சுப் பாக்கலாம்.

முதல்ல சுயசரிதையையே எடுத்துக்குவோம், இதுக்கு லிண்ட்பெர்க்கை விட நல்ல உதாரணம் கிடையாது. 1927 மே 20ம் தேதி காலைல நியூயார்க் பக்கம் ரூஸ்வெல்ட் ஃபீல்ட்ல கிளம்பி மறுநாள் ராத்திரி பாரிஸ் லெ பூர்ஜேல இறங்கினாரு, முப்பத்தி மூணரை மணி நேரம், தனியா, வயசு 25. இறங்கின கையோட புத்தகம் வேணும்னு பதிப்பகத்துக்கு அவசரம், ஒரு பத்திரிகைக்காரரை வச்சு லிண்ட்பெர்க்கே பேசற மாதிரி எழுதி வாங்கினாங்க, அதைப் படிச்சுட்டு இது நான் பேசற மாதிரி இல்லன்னு தள்ளிட்டு மூணு வாரத்துல தானே உக்காந்து எழுதிக் குடுத்தாரு. அந்த வருஷம் ஜூலையிலேயே புத்தகம் வந்துடுச்சு. அதுல அட்லாண்டிக் மேல பறந்த பகுதி ரொம்பச் சின்னது, வறட்சியா இருக்கும், காத்து, பனி, உயரம், எரிபொருள், அவ்வளவுதான்.

அதே மனுஷன் அதே பயணத்தைப் பத்தி 1953ல மறுபடி ஒரு பெரிய புத்தகம் எழுதினாரு, அதுக்கு 1954ல புலிட்சர் பரிசும் கிடைச்சுது. அதுலதான் தூக்கம் கண்ணைச் சொருகின நேரத்துல விமானத்துக்குள்ள தனக்குப் பின்னாடி உருவங்கள் வந்து நின்னு தன்கிட்ட பேசுச்சுன்னு எழுதறாரு. முதல் புத்தகத்துல இதைப் பத்தி ஒரு வரிகூட இல்ல. இப்ப நீங்க வாழ்க்கை வரலாறு எழுத உக்காந்தா எதை எடுப்பீங்க? 1953 புத்தகம்தான் அழகா இருக்கும், அதுல இருந்துதான் எல்லாரும் எடுக்கறாங்க, ஆனா அது 26 வருஷம் கழிச்சு, மகனைப் பறிகொடுத்து, ஒரு பெரிய யுத்தத்தையும் பாத்து, நடு வயசு தாண்டின ஒருத்தர் தன்னோட 25 வயசைத் திரும்பிப் பாத்து எழுதினது. அந்த உருவங்கள் பொய்யின்னு நான் சொல்லல, அவ்வளவு நேரம் தூங்காம இருந்தவருக்கு அப்படித் தெரிஞ்சிருக்க எல்லா வாய்ப்பும் இருக்கு, 1927ல அதை வெளிய சொன்னா பைலட்டுக்குப் பைத்தியம்னு சொல்லியிருப்பாங்கங்கற பயமும் இருந்திருக்கலாம். ஆனா ரெண்டு புத்தகத்தையும் ஒண்ணாக் கலந்து "அன்னிக்கு ராத்திரி அவரு இப்படி உணர்ந்தாரு"ன்னு எழுதினா அது தப்பு. 1927ல இப்படிச் சொன்னாரு, 1953ல இதைச் சேத்தாருன்னு ரெண்டு தேதியையும் வாசகர் முன்னாடி வைக்கணும், அப்பதான் அந்த மனுஷன் எவ்வளவு மாறியிருக்காருங்கறதே கதையா மாறும்.

சுயசரிதைல இன்னொரு சிக்கல், எழுதினது யாரு? பெரில் மார்க்கம் 1936 செப்டம்பர்ல இங்கிலாந்துல இருந்து மேற்கு நோக்கி அட்லாண்டிக்கைத் தனியாத் தாண்டி கனடால நோவா ஸ்கோஷியா கரைல சதுப்புல மோதி இறங்கினவங்க. 1942ல அவங்க பேர்ல வந்த புத்தகத்தை எழுத்தாளர் ஹெமிங்வேயே புகழ்ந்தாரு. ஆனா அதை அவங்களே எழுதினாங்களா, மூணாவது கணவர் ரவுல் ஷூமாக்கர் எழுதினாரான்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை. அவங்க வாழ்க்கையை ஆராய்ஞ்சு எழுதினவங்கள்லயே ஒருத்தர் அவங்கதான் எழுதினாங்கன்னு நிக்கறாரு, இன்னொருத்தர் கணவர்தான்னு நிக்கறாரு. அமெரிக்க விமானி அமேலியா இயர்ஹார்ட்டோட கடைசிப் புத்தகமும் அப்படித்தான், உலகத்தைச் சுத்திப் பறந்தப்ப அவங்க காணாமப் போனதுக்கு அப்புறம் வழியில இருந்து அனுப்பின குறிப்புகளை வச்சு கணவர் புட்னம் தொகுத்து அதே 1937ல வெளியிட்டது. அவரு தொழிலே பதிப்பாளர். அந்தப் புத்தகத்துல எது அமேலியா குரல், எது புட்னம் கைவண்ணம்னு பிரிச்சுப் பாக்காம மேற்கோள் காட்டினா நாம எழுதறது அவங்க கணவர் உருவாக்கின அமேலியாவைப் பத்தித்தான்.

சரி, பேப்பர் செய்தி? இதைப் பத்தி ரொம்ப சொல்ல வேண்டாம், 3 மைல் கதையே போதும். அந்தக் காலத்துப் பேப்பர் ஒண்ணுக்கு ரொம்ப உபயோகம், ஜனங்க அந்த விமானியை எப்படிப் பாத்தாங்கன்னு தெரிஞ்சுக்க. 1930ல ஏமி ஜான்சன் இங்கிலாந்துல இருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாப் பறந்தப்ப ஆபீஸ்ல டைப் அடிச்சுக்கிட்டிருந்த சாதாரணப் பொண்ணு திடீர்னு வானத்துல ஏறிடுச்சுங்கற மாதிரித்தான் பேப்பர்ல கதை ஓடுச்சு. ஷெஃபீல்ட்ல பொருளாதாரம் படிச்சுப் பட்டம் வாங்கினவங்க, இங்கிலாந்துல விமான எஞ்சினைப் பழுது பாக்கற கிரவுண்ட் எஞ்சினியர் லைசென்ஸ் வாங்கின முதல் பெண் அவங்கதான், அது அந்தக் கதைல பின்னாடி போயிடுச்சு. டெய்லி மெயில் அவங்களுக்கு 10,000 பவுண்டு குடுத்துது, குடுத்த பணத்துக்குத் தகுந்த கதை பேப்பருக்கு வேணுமில்ல.

ஆனா பேப்பரை விட்டா வேற வழியே இல்லாத ஆளுங்களும் இருக்காங்க, பெஸ்ஸி கோல்மன் மாதிரி. டெக்சாஸ்ல பருத்தி பறிச்ச குடும்பம், அமெரிக்கால கறுப்பினப் பெண்ணுக்கு எந்த பள்ளியும் பறக்கச் சொல்லித் தரல, பிரெஞ்சு கத்துக்கிட்டு பிரான்ஸ் போயி 1921 ஜூன் 15ம் தேதி சர்வதேச லைசென்ஸ் வாங்கிட்டு வந்தவங்க. நிறைய கடிதம், கட்டுக்கட்டா டைரின்னு அவங்க விட்டுட்டுப் போகல. ஆக, சிகாகோ டிஃபெண்டர் மாதிரி கறுப்பின மக்கள் நடத்தின வாரப் பேப்பர்கள்தான் பெரிய ஆதாரம். 1926 ஏப்ரல் 30ம் தேதி ஜாக்சன்வில்ல விமானம் கவிழ்ந்து அவங்க கீழ விழுந்து செத்தாங்க, ஓட்டிக்கிட்டிருந்த மெக்கானிக் வில்ஸும் செத்தாரு, கட்டுப்பாட்டு கியர்ல ஒரு ஸ்பேனர் சிக்கியிருந்துச்சு. இந்த ஒரே விபத்தை வெள்ளையர் பேப்பர்லயும் கறுப்பினத்தவர் பேப்பர்லயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, யார் பேரு முன்னாடி வருது, யாருக்கு எத்தனை வரின்னு. அந்த வித்தியாசமே ஒரு அத்தியாயம் எழுதற அளவுக்கு இருக்கும்.

பெஸ்ஸி விஷயத்துல இன்னொண்ணு. அந்த பிரெஞ்சு லைசென்ஸ்ல பிறந்த வருஷம் 1896ன்னு இருக்கு, ஆனா அவங்க பிறந்தது 1892. வயசைக் குறைச்சுச் சொல்லியிருக்காங்க, அரசாங்க முத்திரை குத்தின காகிதம் அதை அப்படியே வாங்கிப் பதிஞ்சுக்கிச்சு. முத்திரை இருக்கறதால அது உண்மைன்னு ஆகிடாது, அந்தத் தகவலை முத்திரை குத்தினவங்க எங்க இருந்து வாங்கினாங்கன்னு பாக்கணும். லைசென்ஸ் குடுத்த தேதிக்கு அந்தக் காகிதத்தை முழுசா நம்பலாம், ஏன்னா அது அவங்களே பண்ணின வேலை, பிறந்த தேதிக்கு நம்பக் கூடாது, ஏன்னா அது வந்தவங்க வாய்ல சொன்னது. இந்த ஒரு சின்ன வித்தியாசத்தைப் பிடிச்சுக்கிட்டீங்கன்னா பாதி சிக்கல் தீந்துடும்.

இப்ப லாக்புக்குக்கு வர்றேன், என்னைக் கேட்டா ஆரம்பிக்க வேண்டிய இடம் இதுதான். பைலட் லாக்புக்ல என்ன இருக்கும்? தேதி, விமானத்தோட பதிவு எண், எங்க இருந்து எங்க, எத்தனை மணி நேரம், கூட யாரு, கடைசியில குறிப்புன்னு ஒரு சின்ன கட்டம். கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரிதான், உணர்ச்சி ஒண்ணும் இருக்காது, பேரும் கணக்கும்தான், ஆனா அதை வரிசையாப் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு யாருக்கும் யாருக்கும் எப்ப உறவு, எப்ப முறிஞ்சுதுன்னு எல்லாம் வெளிய வந்துடும். ஒருத்தர் மூணு மாசம் பறக்கவே இல்லன்னா அந்தக் காலியான இடம் கேள்வி கேக்கும், உடம்பு சரியில்லையா, பணம் இல்லையா, விமானம் நொறுங்குச்சா? சுயசரிதைல அந்த மூணு மாசமே இருக்காது.

லாக்புக் மாதிரியே ஒரு குடும்பக் காகிதங்கள் இருக்கு, யுத்த காலத்து சண்டை அறிக்கை, கப்பலோட ரேடியோ லாக், விமானப் பதிவேடு, எல்லாம் அன்னிக்கே எழுதினது, வாசகருக்காக எழுதாதது. இயர்ஹார்ட் 1937 ஜூலை 2ம் தேதி பசிபிக் கடல்ல ஹவ்லண்ட் தீவைத் தேடிக்கிட்டு வந்தப்ப இடாஸ்காங்கற அமெரிக்கக் கடலோரக் காவல்படைக் கப்பல் அங்க காத்துக்கிட்டிருந்துச்சு, அவங்க பேசினதை ரேடியோ ஆளுங்க நிமிஷ வாரியா டைப் பண்ணி வச்சாங்க. காலைல 7:42க்கு நாங்க உங்க மேலதான் இருக்கணும், ஆனா உங்களைப் பாக்க முடியல, பெட்ரோல் குறையுதுங்கற செய்தி, 8:43க்கு 157-337 கோட்டுல (திசைகாட்டி டிகிரி கணக்கு அது) இருக்கோம்ங்கற செய்தி. அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரத்தைச் சுத்தி எத்தனையோ கட்டுக்கதை எழுதியாச்சு, ஜப்பான்காரன் பிடிச்சுட்டான், பேரை மாத்திக்கிட்டு வாழ்ந்தாங்கன்னு. எழுதற ஆள் முதல்ல அந்த ரேடியோ லாக்கைப் படிச்சிருந்தா எங்க உண்மை முடியுது, எங்க கற்பனை ஆரம்பிக்குதுன்னு கோடு போட்டுக்கலாம்.

சண்டை அறிக்கைக்கு நம்ம நாட்டு ஆளையே சொல்லலாம், கல்கத்தாக்காரர் இந்திரலால் ராய். முதல் உலக யுத்தத்துல 10 விமானத்தை வீழ்த்தினாரு, 1918 ஜூலைல, 13 நாளுக்குள்ள, 22ம் தேதி வானத்துலயே செத்துட்டாரு, அப்ப வயசு 19. எல்லாரும் எழுதறது இவ்வளவுதான், 10. ஆனா அந்த 10ஐப் பிரிச்சுப் பாத்தா ரெண்டு அவரு தனியா அழிச்சது, ஒண்ணு மத்தவங்களோட சேந்து அழிச்சது, நாலு அவரு சுட்டுக் கட்டுப்பாடு இழந்து கீழ போனது, மூணு சேந்து சுட்டுக் கட்டுப்பாடு இழந்து போனது. கட்டுப்பாடு இழந்து போன விமானம் தரையில விழுந்துச்சா, கீழ போயி நிமிந்து வீட்டுக்குப் போச்சான்னு மேல இருக்கறவங்களுக்குத் தெரியாது, ஆனா பிரிட்டிஷ் கணக்குல அதுவும் வெற்றிதான். அதுக்காக ராயோட பெருமை குறையுதுன்னு அர்த்தமில்ல, 19 வயசுப் பையன் பண்ணினது மலைக்க வைக்கிற விஷயம். ஆனா லண்டன்ல க்யூங்கற (Kew) இடத்துல இருக்கற பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்துப் பதிவையும், எதிர்ப்பக்கம் ஜெர்மன்காரங்க இழப்புக் கணக்கையும் ஒத்துப் பாத்து எழுதினா அது வாழ்க்கை வரலாறு, வெறும் 10ஐ மட்டும் எழுதினா அது பாராட்டுப் பத்திரம்.

லாக்புக்கோட குறை என்னன்னு எல்லாருக்கும் தெரியும், அது மனசைச் சொல்லாது. அங்கதான் கடிதம் வருது. ஏமி ஜான்சன் பிரபலம் ஆகறதுக்கு முன்னாடி ஹான்ஸ் அரெகர்ங்கற சுவிஸ்காரரைக் காதலிச்சாங்க, 1922ல இருந்து வருஷக்கணக்கா அவருக்குக் கடிதம் எழுதினாங்க, அவரு அதையெல்லாம் தூக்கிப் போடாம வச்சிருந்தாரு, அது இப்ப அவங்க சொந்த ஊர் ஹல்லுல பாதுகாப்பா இருக்கு. அந்தக் கடிதங்கள் எனக்கு ரொம்பப் பெருசாத் தெரியறதுக்குக் காரணம் அதை எழுதின பொண்ணுக்குத் தான் ஒரு நாள் ஏமி ஜான்சன் ஆகப் போறோம்னு தெரியாது. 1928ல அந்த உறவு முறிஞ்சுது, அதே வருஷம்தான் லண்டன் ஸ்டாக் லேன்ல பறக்கக் கத்துக்கப் போறாங்க. இது ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா? காதல் தோல்வில வானத்துக்குப் போயிட்டாங்கன்னு ஒரே வரில முடிச்சுடலாம், நிறைய பேருக்கு அந்த ஆசை வரும். ஆனா கடிதத்தையும் லைசென்ஸ் தேதிகளையும் பக்கத்துல வச்சாத் தெரியறது, 1929 ஜூலைல பைலட் லைசென்ஸ், அந்த வருஷக் கடைசியில எஞ்சினியர் லைசென்ஸ். மனசு ஒடிஞ்சு ஒரு நாள் கிளம்பற ஆள் எண்ணெய்க் கறையோட ஹேங்கர்ல எஞ்சினைப் பிரிச்சு மாட்டிப் பரீட்சை எழுத மாட்டாங்க. அவங்களுக்குத் தொழிலாவே அது வேணும்னு இருந்திருக்கு. கடிதம் மட்டும் படிச்சிருந்தா காதல் கதை, லைசென்ஸ் மட்டும் பாத்திருந்தா சாதனைப் பட்டியல், ரெண்டும் சேந்தாதான் ஆள்.

கடிதத்துலயும் ஒரு ஆபத்து இருக்கு, குடும்பம் எதைக் குடுக்குதோ அதுதான் நமக்குக் கிடைக்கும். மறுபடி லிண்ட்பெர்க்தான். யேல் பல்கலைக்கழகத்துல அவரோட காகிதங்கள் பெட்டி பெட்டியா இருக்கு, அவரோட மனைவியே அனுமதி குடுத்து அதை முழுசாப் படிச்சு ஒருத்தர் எழுதின வாழ்க்கை வரலாறு 1998ல வந்து புலிட்சரும் வாங்குச்சு. ரொம்ப உழைச்சு எழுதின புத்தகம்தான் அது. ஆனா 2003ல ஜெர்மனில மூணு பேர் வந்து லிண்ட்பெர்க் எங்க அப்பான்னு சொன்னாங்க, டிஎன்ஏ சோதனையும் அதை உறுதி பண்ணுச்சு. அம்மா பத்திரமா வச்சிருந்த அவரோட கடிதங்கள் அந்த வீட்டுல இருந்துச்சு. யேல்ல எத்தனை பெட்டி இருந்து என்ன, அந்த வாழ்க்கை வேற ஊர்ல வேற வீட்டு அலமாரில இருந்திருக்கு. குடும்ப அனுமதியோட எழுதறதா, அனுமதி இல்லாம வெளிய இருந்து எழுதறதான்னு கேட்டா, அனுமதி கிடைச்சா வாங்கிக்கோங்க, ஆனா அந்த ஆள் அடிக்கடி போன ஊர்களோட பட்டியலைத் தனியா ஒண்ணு போட்டு வச்சுக்கிட்டு ஏன் அங்க இத்தனை தடவைன்னு கேட்டுக்கிட்டே இருங்க. பாஸ்போர்ட், டிக்கெட், ஹோட்டல் பில்லுக்குக் குடும்ப விசுவாசம் கிடையாது.

அடுத்து நேரில் பாத்தவங்க வாக்குமூலம், இது ரொம்ப இழுக்கும், ஒரு வயசானவர் உக்காந்து சொல்ற கதைக்கு முன்னாடி காகிதம் நிக்காது. ஏமி ஜான்சன் 1941 ஜனவரி 5ம் தேதி யுத்த கால விமானம் ஒண்ணைக் கொண்டு போகும்போது மோசமான வானிலைல வழி தவறி தேம்ஸ் முகத்துவாரத்துல விழுந்து செத்தாங்க, உடம்பு கிடைக்கவே இல்ல, காப்பாத்தக் குதிச்ச ஹேசில்மியர் கப்பலோட கேப்டன் ஃப்ளெச்சரும் செத்துட்டாரு. 1999ல ஒரு முன்னாள் பீரங்கி வீரர், அடையாளக் குறியீடு தப்பா வந்ததால நாங்கதான் சுட்டோம், மறுநாள் பேப்பர் பாத்துத்தான் யாருன்னு தெரிஞ்சுதுன்னு சொன்னாரு. அதே மாதிரி பிரெஞ்சு எழுத்தாளரும் விமானியுமான செந்த்-எக்சுபெரி 1944 ஜூலை 31ம் தேதி கோர்சிகால இருந்து கிளம்பித் திரும்பி வரல, 2008ல ஒரு முன்னாள் ஜெர்மன் பைலட் நான்தான் சுட்டேன்னாரு. ஒருத்தர் 58 வருஷம் கழிச்சு, இன்னொருத்தர் 64 வருஷம் கழிச்சு. ரெண்டு பேரும் வேணும்னு பொய் சொன்னாங்கன்னு நான் நினைக்கல, ஆனா ரெண்டுக்கும் அன்னிக்கு எழுதின ஒரு துண்டுக் காகிதம் பக்கபலமா இல்ல. செந்த்-எக்சுபெரி விஷயத்துல எது உறுதியா நின்னுச்சுன்னு பாருங்க, 1998ல மார்செய் பக்கத்துல ஒரு மீனவர் வலைல சிக்கின அவரு பேர் பொறிச்ச கைச்சங்கிலி, 2000ல கடலுக்கடியில ஒரு டைவர் கண்டுபிடிச்ச விமானத் துண்டு, அதுல 2734ன்னு தொழிற்சாலைல அடிச்ச எண். எந்த இடத்துல விழுந்தாருங்கறதுக்கு அந்த எண் பதில் சொல்லிடுச்சு, யார் சுட்டா, சுட்டாங்களா இல்லையாங்கறதுக்குச் சொல்லல. அதுக்கு மேல எழுதறவர் போகக் கூடாது.

இதோட சேந்த இன்னொரு முடிவு, முழு வாழ்க்கையை எழுதறதா, ஒரே ஒரு பயணத்தை எடுத்துக்கிட்டு எழுதறதா? ஒரே பயணம்னா வசதி நிறைய. ஏமி ஜான்சனோட 1930 பயணத்தை எடுத்துக்குங்க, மே 5ம் தேதி கிராய்டன்ல கிளம்பி 24ம் தேதி டார்வின்ல இறக்கம், நடுவுல பாக்தாத், கராச்சி, ஜான்சி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன்னு ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு கதை இருக்கு. அதுக்கு முன்னாடி அவங்க தனியாப் பறந்த நீளமான பயணம் லண்டன்ல இருந்து ஹல் வரைக்கும்தான். பர்மால மைதானத்துல இறங்கி பள்ளத்துல விழுந்து இறக்கை கிழிஞ்சப்ப, யுத்தம் முடிஞ்சு மிச்சமான விமானத் துணில தைச்ச சட்டைகளைப் பிரிச்சு ஒட்டுப் போட்டாங்களாம். இந்த மாதிரி விஷயத்தை 20 நாள் கதையில விரிச்சு எழுதலாம், முழு வாழ்க்கைல ஒரு பத்திதான் கிடைக்கும். மேப்பை விரிச்சு வச்சு ஒவ்வொரு கட்டமும் எத்தனை மைல், சூரியன் எப்ப மறையும், பருவமழை எங்க பிடிக்கும்னு நாமளே கணக்குப் போட்டுப் பாக்கலாம். அவங்க ஜேசன்ங்கற அந்த ஜிப்சி மாத் விமானமே இன்னும் லண்டன் சயின்ஸ் மியூசியத்துல தொங்குது, போக முடிஞ்சவங்க கண்டிப்பாப் போயி அந்த சின்ன காக்பிட்டைப் பாக்கணும், மேல கூரை கிடையாது, ரேடியோ கிடையாது.

ஆனா ஒரே பயணம்னு எடுத்துக்கிட்டா அந்த ஆளையே அந்தப் பயணம் முழுங்கிடும். இயர்ஹார்ட்டுக்கு நடந்தது அதுதான், கடைசி நாளைப் பத்தி அலமாரி அலமாரியாப் புத்தகம், பாஸ்டன்ல குடியேறி வந்தவங்களுக்கு சமூகப் பணி பண்ணினவங்க, பர்டூ பல்கலைக்கழகத்துல மாணவிகளுக்கு வழிகாட்டியா இருந்தவங்க, 1931ல கல்யாணத்தன்னிக்கே புட்னம் கிட்ட ஒரு வருஷத்துல நமக்கு சந்தோஷம் இல்லன்னா என்னை விட்டுடணும்னு கடிதம் எழுதிக் குடுத்தவங்கங்கறது நிறைய பேருக்குத் தெரியாது. அதனால இந்த மாதிரி முடிவு சோகமா, மர்மமா இருக்கற விமானின்னா முழு வாழ்க்கையை எடுங்க, முடிவுக்குக் குறைவான பக்கம் ஒதுக்குங்க. முடிவு சாதாரணமா இருக்கற, ஆனா ஒரு பயணம் பிரமாதமா இருக்கற விமானின்னா ஒரே பயணம் போதும்.

பணமும் நேரமும் எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கிடையாது, அதையும் சேத்துத்தான் முடிவு பண்ணணும். வீட்டுல உக்காந்து இன்டர்நெட்லயே மூலக் காகிதம் படிக்கணும்னா ரைட் சகோதரர்கள்தான் வசதி, டைரி, கடிதம், போட்டோன்னு அமெரிக்க காங்கிரஸ் நூலகம் ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கு, அவங்க அப்பா மில்டன் ரைட்டோட டைரியும் இன்டர்நெட்ல கிடைக்குது, வில்பரும் ஆர்வில்லும் வீட்டுல எப்படி இருந்தாங்கன்னு அதுல கிடைக்கற மாதிரி வேற எங்கயும் கிடைக்காது. ஆனா அவங்களைப் பத்தி ஏற்கனவே நிறைய வந்தாச்சு.

யாரும் அதிகம் தொடாத ஆள் வேணும், நம்ம ஊரோட நிஜமாவே சம்பந்தம் இருக்கணும்னா நான் ஒருத்தரைச் சொல்வேன், நெவில் வின்சென்ட். 1932 அக்டோபர் 15ம் தேதி கராச்சில இருந்து பம்பாய்க்கு டாடாவோட தபால் விமானத்தை ஜே.ஆர்.டி. ஓட்டிக்கிட்டு வந்தது எல்லாருக்கும் தெரியும், அதை அவரே 1962லயும் 1982லயும் மறுபடி பறந்து காட்டினாரு. ஆனா பம்பாய்ல இருந்து பெல்லாரி வழியா மெட்ராசுக்குத் தபாலைக் கொண்டு வந்து சேத்தது வின்சென்ட். பிரிட்டிஷ் விமானப்படைல இருந்தவர், அந்தத் தபால் சேவைக்கான யோசனையோட டாடாகிட்ட வந்தவரே அவருதான், 1942ல யுத்தத்துல விமானத்தோட காணாமப் போயிட்டாரு. ஜே.ஆர்.டி.க்கு 50 வருஷம் பேசறதுக்கு வாழ்க்கை இருந்துச்சு, வின்சென்டுக்கு அது கிடைக்கல, அதனால அவரைப் பத்தி நமக்குத் தெரியறதுல நிறைய மத்தவங்க சொன்னதுதான்.

இவருக்கு சுயசரிதை வழி மூடியிருக்கறதால வரிசை தானா அமைஞ்சுடும். முதல்ல க்யூ காப்பகத்துல விமானப்படைக் காகிதம், அடுத்து புனேல டாடா மைய ஆவணக் காப்பகம், அதுக்கு அப்புறம் 1932 அக்டோபர் மாசத்து இந்து, சுதேசமித்திரன் பேப்பர்கள். இதுக்கெல்லாம் முன்னாடி, செலவே இல்லாம, பழைய தபால்தலை சேக்கறவங்களைப் பிடிங்க. அந்த முதல் விமானத்துல வந்த கவர்களை அவங்க வச்சிருப்பாங்க, கராச்சில குத்தின முத்திரையும் மெட்ராஸ்ல வந்து சேந்தப்ப குத்தின முத்திரையும் ஒரே கவர்ல இருந்தா, கிளம்பின தேதியும் வந்த தேதியும் அன்னிக்கு வேலை பாத்த தபால் ஊழியர் கையாலயே உங்களுக்குக் கிடைச்சுடும். முதல் அத்தியாயத்தோட முதல் வரியை அந்த ரெண்டு தேதில இருந்து எழுத ஆரம்பிங்க.